தனியே திறந்தால் சரி, வலைப்பக்கத்தில் வைத்தால் பிழை: எஸ்விஜி படங்களை உலாவிகள் நடத்தும் விதம்

வலைத்தளங்கள் உருவாக்கித் தரும் தொழிலில் இருப்பவர்களிடம் திரும்பத் திரும்ப வந்து சேரும் புகார் ஒன்று உண்டு. வடிவமைப்பாளர் அனுப்பிய எஸ்விஜி கோப்பை உலாவியில் இழுத்துப் போட்டால் சின்னம் அச்சு அசலாகத் தெரிகிறது. அதே கோப்பை வலைப்பக்கத்தில் படமாக வைத்தால் எழுத்து மாறிவிடுகிறது, அல்லது உள்ளே இருந்த புகைப்படம் காணாமல் போகிறது, சில வேளைகளில் உடைந்த படத்தின் குறி மட்டுமே மிஞ்சுகிறது. வடிவமைப்பாளர் நிரலாளரைக் குறை சொல்வார்; நிரலாளர் உலாவியைக் குறை சொல்வார். ஒரே எஸ்விஜி கோப்பை உலாவிகள் இரண்டு வெவ்வேறு விதிகளின்படி நடத்துகின்றன என்பதும், அந்த வேறுபாடு வேண்டுமென்றே வகுக்கப்பட்டது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. அதனால்தான் இந்த வழக்கு தீராமல் நீள்கிறது.

ஜேபெக், பிஎன்ஜி ஆகிய வடிவங்களில் ஒவ்வொரு பிக்சலின் நிறமும் பதிவாகியிருக்கும். எஸ்விஜியில் இருப்பவை வரைவதற்கான கட்டளைகள் மட்டுமே. கோடுகள், வளைவுகள், நிறங்கள், எழுத்துகள் யாவும் எக்ஸ்எம்எல் மொழியில் எழுதப்பட்ட ஓர் ஆவணம் அது. வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2001 செப்டம்பரில் இதன் 1.0 பதிப்பைத் தரமாக அறிவித்த காலத்தில், பெரும்பாலானோர் அடோபி நிறுவனத்தின் செருகுநிரலை நிறுவித்தான் இப்படங்களைப் பார்க்க முடிந்தது. ஃபயர்ஃபாக்ஸ் 2005 நவம்பரில் வெளியிட்ட 1.5 ஆம் பதிப்பில் எஸ்விஜி ஆவணங்களைத் தானே வரையத் தொடங்கியது. ஆனால் அதே கோப்பை இமேஜ் டேக்கில் (வலைப்பக்கத்தில் படத்தை வைக்கும் எச்டிஎம்எல் குறியில்) வைத்துக் காட்டும் வசதி 2011 மார்ச்சில் வந்த 4 ஆம் பதிப்பு வரை அதில் இல்லை. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 9 பதிப்பும் அதே மாதத்தில்தான் எஸ்விஜியை ஏற்றுக்கொண்டு வெளியானது. எக்ஸ்ப்ளோரரின் கடைசிப் பதிப்புக்கு 2022 ஜூன் 15 அன்று மைக்ரோசாஃப்ட் விடைகொடுத்துவிட்ட நிலையில், எந்த உலாவியில் எஸ்விஜி தெரியும் என்று இன்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. எந்த நிபந்தனைகளின் கீழ் தெரியும் என்பதை மட்டும் அறிந்திருந்தால் போதும்.

அந்த நிபந்தனைகளுக்குப் பின்னால் தெளிவான நியாயம் இருக்கிறது. இணையத்தில் படம் என்பது தொடக்கத்திலிருந்தே தன்னளவில் எதுவும் செய்யாத பொருளாகவே கருதப்பட்டு வந்துள்ளது. அதனால்தான் முகம் தெரியாத ஒருவர் பதிவேற்றும் படத்தைக்கூடத் தயக்கமின்றி நம் பக்கத்தில் காட்டுகிறோம். எஸ்விஜியோ ஸ்கிரிப்ட் (உலாவியில் ஓடும் நிரல்) எழுதவும், வெளியிலிருந்து கோப்புகளை வரவழைக்கவும், இணைப்புகள் வைக்கவும் இடம்தரும் ஆவணம். அந்த அதிகாரங்களோடு அதைப் படமாக உள்ளே விட்டிருந்தால், ஓர் உறுப்பினரின் முகப்புப்படமே பக்கத்தைப் பார்ப்பவர்களின் கணக்குகளில் கைவைத்திருக்கும். ஆகவே எஸ்விஜி இமேஜ் டேக்கிலோ, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் வழியே பின்னணியிலோ வரும்போது உலாவிகள் அதன் கைகளைக் கட்டிவிடுகின்றன. ஸ்கிரிப்ட் ஓடாது; உள்ளிருக்கும் இணைப்புகளைச் சொடுக்க முடியாது; வெளியிலுள்ள எழுத்துரு, படம், சிஎஸ்எஸ் கோப்பு என எதையும் அது வரவழைக்காது; பக்கத்தின் சிஎஸ்எஸ் அதற்குள் நுழையாது. கோப்புக்குள்ளேயே எழுதப்பட்ட அசைவூட்டங்கள் மட்டும் வழக்கம்போல் இயங்கும். கோப்பைத் தனியே திறக்கும்போது இந்தக் கட்டுப்பாடுகள் எவையும் இல்லை. எனவே தனியே திறந்து பார்ப்பது சோதனை ஆகாது. இமேஜ் டேக் ஒன்றே ஒன்று கொண்ட வெற்று எச்டிஎம்எல் பக்கத்தில் வைத்து, வடிவமைப்பாளருடையது அல்லாத வேறொரு கணினியில் பார்ப்பதே சோதனை.

வேறொரு கணினி என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் எழுத்துரு. படமாக வைக்கப்பட்ட எஸ்விஜி, கணினியில் ஏற்கெனவே நிறுவப்பட்ட எழுத்துருக்களைப் பயன்படுத்திக்கொள்ளும். இணையத்திலிருந்து இறங்கும் எழுத்துருக்களை மட்டுமே அதனால் தொட முடியாது. பக்கத்தின் மற்ற பகுதிகளுக்காக அதே எழுத்துரு ஏற்கெனவே இறக்கப்பட்டிருந்தாலும் அது படத்துக்குள் எட்டாது. அதனால் வடிவமைப்பாளரின் திரையில் கடையின் பெயர் அவர் தேர்ந்தெடுத்த அழகிய எழுத்தில் நிற்கும். வாடிக்கையாளரின் கைபேசியிலோ அந்தக் கைபேசியின் இயல்பான தமிழ் எழுத்தில், அகலம் மாறி, பக்கத்துக் கோட்டின் மேல் ஏறி நிற்கும்.

தமிழ் டிடிபி உலகில் இதற்கு இன்னொரு பரிமாணமும் உண்டு. யூனிகோடு வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் அச்சு வேலைகளில் பாமினி போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்கள் விடைபெறவில்லை. பாமினியில் 'தமிழ்' என்று தெரியும் சொல், கோப்பின் உள்ளே ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே இருக்கிறது. அந்த எழுத்துரு நிறுவப்பட்ட கணினியில் எல்லாம் சரியாகத் தெரியும். நிறுவப்படாத கணினியில் நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அர்த்தமற்ற ஆங்கில எழுத்துக் குவியல் தோன்றும். அழைப்பிதழுக்கும் விளம்பரப் பலகைக்கும் வரைந்த அதே கோப்பை வலைத்தளத்துக்கும் அனுப்பும் வழக்கம் இருக்கும்வரை இந்த விபத்து நடந்துகொண்டேதான் இருக்கும்.

தீர்வு கடினமானதன்று. ஏற்றுமதி செய்யும் முன் எழுத்துகளை அச்சகத்தார் மொழியில் 'கர்வ்ஸ்' ஆக்கிவிட வேண்டும், அதாவது எழுத்துரு தேவைப்படாத வரைகோட்டு வடிவங்களாக மாற்றிவிட வேண்டும். கோரல்டிராவில் கன்ட்ரோல் விசையோடு கியூ. இல்லஸ்ட்ரேட்டரில் கிரியேட் அவுட்லைன்ஸ். இங்க்ஸ்கேப்பில் ஆப்ஜெக்ட் டு பாத். ஆக்கப்பட்டதா என்பதை உறுதிசெய்யக் கோப்பை நோட்பேடில் திறந்து 'டெக்ஸ்ட்' என்ற டேக் இருக்கிறதா என்று தேடினால் போதும். இருந்தால் அந்தக் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடலாம். கர்வ்ஸ் ஆக்கிய எழுத்தைப் பின்னர் தட்டச்சு செய்து திருத்த முடியாது என்பதால், ஆக்குவதற்கு முந்தைய மூலக்கோப்பைத் தனியே சேமித்து வைப்பது அவசியம்.

எழுத்து மிகுந்த விளக்கப்படங்களுக்கு இந்த முறை ஒத்துவராது. ஒவ்வோர் எழுத்தும் நூற்றுக்கணக்கான ஆயப்புள்ளிகளாக மாறிக் கோப்பு பருத்துவிடும். அவற்றுக்கு எழுத்துருவையே பேஸ்64 வடிவில் (எந்தக் கோப்பையும் வெறும் எழுத்துகளாக மாற்றி எழுதும் முறை) கோப்பின் உள்ளே பொதிந்துவிடலாம். எழுத்துரு கோப்புக்குள்ளேயே இருப்பதால் உலாவி அதை ஏற்கும். எழுத்துருவின் உரிமம் அதற்கு இடம்தர வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. மற்றது நுட்பமானது: அளவைக் குறைக்க எழுத்துருவைக் கத்தரிக்கும் கருவி, எழுத்துகளைக் கூட்டும் விதிகள் அடங்கிய ஜிசப் அட்டவணையையும் சேர்த்து வெட்டிவிட்டால், 'கு' என்று ஒட்டி வரவேண்டியது ககரமும் உகரக் குறியுமாகப் பிரிந்து நிற்கும். ஆங்கிலத்தை மட்டும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட வழிகாட்டிகளைப் பின்பற்றுவோர் இந்த இடத்தில் சறுக்குவதுண்டு.

எந்த வழியில் போனாலும், இமேஜ் டேக்கின் ஆல்ட் பண்பில் (படத்துக்கு மாற்றாக வாசிக்கப்படும் எழுத்து) பெயரை யூனிகோடில் எழுதிவிட வேண்டும். படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் பக்கத்தில் தேடவோ தெரிவுசெய்து நகலெடுக்கவோ முடியாது. திரைவாசிப்பான் பயன்படுத்துவோருக்கு ஆல்ட் ஒன்றே கதி.

உள்ளே வைத்த புகைப்படம் மறைந்துபோவதற்கும் இதே விதிதான் காரணம். இல்லஸ்ட்ரேட்டரின் எஸ்விஜி ஏற்றுமதியில் படங்களை இணைப்பாக வைப்பதா, பொதிவதா என்று ஒரு தெரிவு உண்டு. இணைப்பாக வைத்தால் தனியே திறக்கும்போது அருகே வைத்திருக்கும் படக் கோப்பு வந்து சேரும். இமேஜ் டேக்கில் வராது. பொதிந்தால் வரும். ஆனால் பெரிய புகைப்படம் ஒன்றைப் பொதிந்த எஸ்விஜி, பேஸ்64 முறையால் மூலப்படத்தைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் பருத்திருக்கும். அத்தகைய படத்தை எஸ்விஜியாகத் தருவதில் பொருளே இல்லை, ஜேபெக்காகத் தந்துவிடலாம்.

உடைந்த படத்தின் குறி தோன்றுவதற்குப் பெரும்பாலும் எக்ஸ்எம்எல் கண்டிப்பே காரணம். எச்டிஎம்எல் பக்கத்துக்குள் நேரடியாக எழுதப்பட்ட எஸ்விஜியின் பிழைகளை உலாவி பெருந்தன்மையோடு பொறுத்துக்கொள்ளும். படத்தின் வரைபரப்பைக் குறிக்கும் 'வ்யூபாக்ஸ்' என்ற பண்பை முழுவதும் சிற்றெழுத்தில் எழுதினாலும் திருத்தி வாசித்துக்கொள்ளும், இது எஸ்விஜி மொழி என்று சொல்லும் எக்ஸ்எம்எல்என்எஸ் என்ற நேம்ஸ்பேஸ் அறிவிப்பு இல்லாவிட்டாலும் கவலைப்படாது. அதே வரிகளை வெட்டித் தனிக் கோப்பாகச் சேமித்தால் இந்தச் சலுகைகள் அனைத்தும் பறிபோகும். நேம்ஸ்பேஸ் இல்லாவிட்டால் படம் என்றே அது அங்கீகரிக்கப்படாது. மூடப்படாத ஒரு டேக் இருந்தாலும் முழுப் படமும் போய்விடும். எச்டிஎம்எல்லில் இடைவெளிக்குப் பயன்படுத்தும் என்பிஎஸ்பி குறியீடு இருந்தாலும் கதை அதுவே.

சில நேரங்களில் கோப்பில் ஒரு குறையும் இருக்காது. சர்வர் அதை என்ன வகை என்று சொல்லி அனுப்புகிறது என்பதில் தவறு இருக்கும். பிஎன்ஜியையும் ஜேபெக்கையும் சர்வர் தவறாக அறிமுகப்படுத்தினாலும் உலாவி அவற்றின் முதல் சில பைட்டுகளைப் பார்த்தே அடையாளம் கண்டுகொள்ளும். எஸ்விஜிக்கு அந்தச் சலுகை கிடையாது. அதற்குரிய மைம் வகையோடு (கோப்பு இன்ன வகை என்று சர்வர் சொல்லும் பெயர்) வந்தால் மட்டுமே அது படம். கிளவுட் சேமிப்பகங்களில் நிரல்வழியாகப் பதிவேற்றும்போது வகையைக் குறிப்பிட மறந்தால் கோப்பு வெறும் பைனரியாகப் பதிவாகி, படம் தெரியாமல் போகும். உலாவியின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து கன்டென்ட் டைப் வரியைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும் சங்கதி இது.

அளவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வ்யூபாக்ஸ் இல்லாத எஸ்விஜி, கட்டத்துக்குத் தக்கபடி சுருங்கி விரியாமல் வெட்டுப்பட்டு நிற்கும். அகலமும் உயரமும் கோப்பிலேயே குறிப்பிடப்பட்டிருந்தால், கேன்வாஸில் (நிரல்வழியே படம் வரையும் பரப்பில்) வரையும்போது சில உலாவிகளில் ஏற்படக்கூடிய தொல்லையும் தவிரும்.

நிறம் குறித்து ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கும். பொத்தானின் மேல் சுட்டியை வைத்தால் ஐகானின் நிறம் மாற வேண்டும் என்றால் இமேஜ் டேக் உதவாது. பக்கத்தின் நிறத்தைப் பின்பற்றும் கரன்ட்கலர் என்ற மதிப்பு படத்துக்குள் கறுப்பாகவே நிற்கும். அத்தகைய ஐகான்களைப் பக்கத்துக்குள் நேரடியாக எழுதுவதே நல்லது. அதே வேளையில், இல்லஸ்ட்ரேட்டர் ஒவ்வொரு கோப்பிலும் சிஎல்எஸ்-1, சிஎல்எஸ்-2 என்று ஒரே வகுப்புப் பெயர்களை இடும் பழக்கமுடையது. இரண்டு எஸ்விஜிகளை ஒரே பக்கத்தில் நேரடியாக எழுதினால் ஒன்றின் நிறம் மற்றதில் வழிந்துவிடும். இமேஜ் டேக்கில் வைத்தால் ஒன்றையொன்று தீண்டாது. கட்டுப்பாடு என்று நாம் அலுத்துக்கொள்வது இங்கே காவலாகிறது.

பயனர்களிடமிருந்து படங்களைப் பெறும் தளங்களை நடத்துவோர் ஒன்றை மட்டும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இமேஜ் டேக்கில் ஸ்கிரிப்ட் ஓடாது என்பது உண்மை. ஆனால் ஒருவர் அந்தப் படத்தைப் புதிய தாவலில் திறந்தால் அது படமன்று, உங்கள் தளத்தின் முகவரியிலேயே இயங்கும் ஆவணம். உள்ளே தீய ஸ்கிரிப்ட் இருந்தால் அது உங்கள் தளத்தின் பெயரால் ஓடும். வேர்ட்பிரஸ் இயல்பாக எஸ்விஜி பதிவேற்றத்தை அனுமதிக்காததற்குக் காரணம் இதுவே. அதை ஒரு சிறு நிரல்வரியால் திறந்துவிடச் சொல்லும் ஆலோசனைகள் இணையத்தில் மலிந்து கிடக்கின்றன. என்னைக் கேட்டால் அவற்றை அப்படியே பின்பற்றக் கூடாது. திறந்துதான் ஆகவேண்டும் என்றால் டாம்பியூரிஃபை போன்ற கருவியால் கோப்பைச் சுத்திகரித்து, வேறொரு டொமைனிலிருந்து வழங்கி, ஸ்கிரிப்டைத் தடுக்கும் பாதுகாப்புக் கொள்கையையும் சர்வர் தலைப்பில் சேர்க்க வேண்டும்.

உலாவிக்கு வெளியே நிலைமை வேறு. ஜிமெயில் எஸ்விஜி படங்களைக் காட்டாது. வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் இணைப்பைப் பகிரும்போது தோன்றும் முன்னோட்டப் படமாகவும் எஸ்விஜி எடுபடாது. தாவலில் தெரியும் ஃபாவ்ஐகானுக்கு ஃபயர்ஃபாக்ஸ் 2015 இலும் குரோம் 2020 இலும் எஸ்விஜியை அனுமதித்தன என்றாலும், ஐபோனின் முகப்புத் திரையில் சேர்க்கப்படும் ஐகானுக்கு பிஎன்ஜியே வேண்டும். ஆகவே ஒரு சின்னத்துக்கான பணியை ஒப்படைக்கும்போது, கர்வ்ஸ் ஆக்கப்பட்ட எஸ்விஜி, எழுத்து திருத்தக்கூடிய மூலக்கோப்பு, முன்னோட்டத்துக்கு 1200×630 பிக்சலிலும் முகப்புத் திரைக்கு 180×180 பிக்சலிலும் இரண்டு பிஎன்ஜிகள் ஆகியவற்றை முதல் மின்னஞ்சலிலேயே எழுதிக் கேட்டுவிடுங்கள். பணம் கொடுத்து முடித்த பிறகு கேட்டால் அவை வந்து சேர்வது அரிது.