கொரோனா காலத்து மனுக்கள்: எம்எல்ஏவிடம் எதைக் கேட்பது?

2021 டிசம்பரில் ஒரு நாள் மாலை, என் வழக்கறிஞர் அலுவலகத்தைப் பூட்டப்போகும் நேரத்தில் ஒரு பெண் வந்தார். கையில் ஜவுளிக்கடைக் கட்டைப்பை. அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார்: சிடி ஸ்கேன் பிலிம், ஆர்டிபிசிஆர் பாசிட்டிவ் என்று வந்த தாள், மருத்துவமனை பில், கணவரின் இறப்புச் சான்றிதழ், கடைசியாக மூன்று பக்க மனு. கணவர் லோடு ஆட்டோ ஓட்டியவர். அந்த வருடம் மே மாதம், இரண்டாவது அலையில் போய்விட்டார்.

மனுவை வாங்கிப் படித்தேன். கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து எழுதிக் கொடுப்பவர்களின் கையெழுத்து. கணவர் எப்படிப்பட்டவர், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், வாடகை எத்தனை மாதம் பாக்கி என்று போய், ‘ஐயா அவர்கள் கருணை கூர்ந்து உதவுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று முடிந்தது. முதல் பக்க ஓரத்தில் எம்எல்ஏ அலுவலக முத்திரை. அதன் கீழே பச்சை மையில் ‘உரிய நடவடிக்கைக்கு’. அந்த இரண்டு சொல்லோடு மனு கலெக்டர் அலுவலகம் போய், அங்கிருந்து தாலுகா ஆபீஸ் போயிருக்கிறது. அங்கே ஒருவர் வாய்மொழியாகவே சொல்லி அனுப்பிவிட்டார்: “சர்டிபிகேட்ல கொரோனான்னு இல்லையேம்மா.”

மூன்று பக்கத்திலும் பொய் ஒரு வரி கிடையாது. ஆனால் அதைப் படிக்கும் அதிகாரி என்ன செய்ய வேண்டும் என்பதும் ஒரு வரி கிடையாது. எந்தத் தாளைத் தர வேண்டும், எந்தச் சட்டப்படி, எத்தனை நாளில், ஒன்றும் இல்லை. கொரோனா காலத்தில் என் மேசைக்கு வந்த மனுக்களில் பெரும்பாலானவை இப்படித்தான் இருந்தன. மனு என்றாலே இரக்கம் கேட்பது என்று நம் ஊரில் ஆகிவிட்டது. ஒரு வழக்கறிஞனாக எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு. ஏனென்றால் இரக்கம் கேட்டால் மறுப்பது சுலபம். சட்டம் தந்ததைக் கேட்டால் மறுப்பவர் காரணம் எழுத வேண்டும்.

முதலில் அந்தச் சான்றிதழ் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இறப்புச் சான்றிதழில் காரணம் இருக்கவே இருக்காது. வழங்கப்படும் சான்றில் இறப்பின் காரணத்தைக் காட்டக் கூடாது என்று 1969ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17ஆவது பிரிவே சொல்கிறது. கொரோனாவோ மாரடைப்போ, யாருடைய சான்றிதழிலும் அது வராது. ஆஸ்பத்திரியில் நடக்கும் இறப்புக்கு மருத்துவர் ‘படிவம் 4’ என்று ஒன்றை நிரப்புகிறார். காரணம் அதில்தான் இருக்கும். அது பதிவாளருக்குப் போகும். அப்போதெல்லாம் குடும்பத்தின் கைக்கு வந்ததில்லை. ஆக, சட்டப்படி இருக்கக் கூடாத இடத்தில் ‘இல்லையே’ என்று காட்டித்தான் அந்த அம்மாவைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

அந்த அம்மாவுக்கு மறுக்கப்பட்டது, கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கான நிவாரணத்தொகை. அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 2020 மார்ச் 14 அன்று மத்திய உள்துறை ஒரு கடிதம் வெளியிட்டது. கொரோனாவைப் பேரிடராகக் கருதி, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று அதில் இருந்தது. அன்றைக்கே திருத்திய கடிதம் வந்தது. அதில் அந்த வரி இல்லை. பிறகு வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, குறைந்தபட்ச நிவாரணத்துக்கு வழிகாட்டுதல் வகுக்க வேண்டும் என்கிறது. உயிரிழப்புக்கான கருணைத்தொகையும் அதில் அடக்கம். வழக்குப் போட்டவர்கள் பிடித்துக்கொண்டது அந்த ஒரு பிரிவைத்தான். அது கட்டாயக் கடமை என்று 2021 ஜூன் 30 அன்று தீர்ப்பு வந்தது. தொகையை 50,000 ரூபாயாகத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பரிந்துரைத்தது. அக்டோபர் 4 அன்று நீதிமன்றம் அதை ஏற்றபோது சேர்த்துச் சொன்னது: சான்றிதழில் கொரோனா என்று இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் மறுக்கக் கூடாது. பரிசோதனையில் உறுதியான நாளிலிருந்து 30 நாளுக்குள் இறந்திருந்தால் அது கொரோனா இறப்புதான். மறுத்தால் முறையிட மாவட்ட அளவில் ஒரு குழு.

சரி என்று அந்த மூன்று பக்கத்தையும் ஓரமாக வைத்தோம். புதிய மனு ஒரு பக்கம்கூட வரவில்லை. பெறுநர், மாவட்டக் குழு. பாசிட்டிவ் வந்த தேதி, அதிலிருந்து 12ஆம் நாள் இறந்த தேதி, அக்டோபர் 4 உத்தரவு. வேண்டுகோள் இரண்டு: கொரோனா இறப்பு என்று எழுத்தில் உறுதி செய்யுங்கள், முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். கீழே இணைப்புகளின் பட்டியல். நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டு வரச் சொன்னேன். பிப்ரவரியில் குழுவின் சான்று வந்தது. அப்புறம் பணமும் வங்கிக் கணக்குக்கு வந்தது.

இதில் எம்எல்ஏவின் வேலை எங்கே வருகிறது? பச்சை மையில் எழுதி அடுத்த மேசைக்கு அனுப்ப ஒரு தபால்காரர் போதும். சட்டமன்றத்துக்குள் எழுந்து நின்று ஓர் அமைச்சரைப் பதில் சொல்ல வைக்கும் அதிகாரம் அவருக்கு மட்டும்தான் இருக்கிறது. கேள்வி நேரம், கவன ஈர்ப்புத் தீர்மானம், ஒரு துறைக்குக் கேட்கும் பணத்தைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானம் எல்லாம் அதற்குத்தான். கலெக்டரால் முடியாததும் நம்மால் முடியாததும் அதுதான். நாமோ அவரிடம் போய் பரிந்துரைக் கடிதம் கேட்கிறோம்.

அவையில் கேட்ட கேள்விக்கு என்ன மதிப்பு என்று நினைப்பவர்களுக்கு இரண்டு பதில்களை நினைவுபடுத்துகிறேன். 2020 செப்டம்பர் 14, மக்களவை. ஊரடங்கில் சொந்த ஊருக்கு நடந்த தொழிலாளர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்டார்கள். அப்படி ஒரு தரவு பராமரிக்கப்படவில்லை என்றார் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சந்தோஷ் கங்வார். 2021 ஜூலை 20, மாநிலங்களவை. ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாக மாநிலங்கள் குறிப்பாக எதையும் தெரிவிக்கவில்லை என்று சுகாதாரத் துறை இணையமைச்சர் பாரதி பிரவீன் பவார் பதில் தந்தார். படித்தவர்களுக்கு நெஞ்சு கொதித்தது. எனக்கும்தான். ஆனால் அந்தக் கேள்விகள் இல்லையென்றால், கணக்கே இல்லை என்பது அரசின் வாயிலிருந்து பதிவாகியிருக்காது. இரண்டாவது பதிலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். மாநிலங்கள் தெரிவிக்கவில்லை என்கிறது. அப்படியானால் அடுத்த கேள்வி சட்டமன்றத்துக்கு உரியது: நம் மாநிலம் என்ன தெரிவித்தது, எந்தத் தேதியில், எந்த மருத்துவமனைகளிடம் கேட்டு? இதை எம்எல்ஏவிடம் மனுவாகக் கொடுக்கலாம். எனக்குத் தெரிந்து என் ஊரில் யாரும் கொடுக்கவில்லை. நானும் அப்போது யோசிக்கவில்லை.

கணக்கைக் கேட்டால் கணக்கு மாறும் என்பதற்குச் சென்னையே சாட்சி. 2020 ஜூனில், மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டில் இருந்த எண்ணிக்கையும் மாநிலச் சுகாதாரத் துறை தினமும் வெளியிட்ட எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை என்று செய்தி வந்தது. கேள்விகள் எழுந்தன. அரசு ஒரு குழு அமைத்தது. ஜூலை 22 அன்று, மார்ச் 1 முதல் ஜூன் 10 வரை விடுபட்ட 444 இறப்புகள் கணக்கில் சேர்க்கப்பட்டன. இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருவர் வேண்டியிருந்தது, அவ்வளவே.

இன்னொன்று. அந்தக் காலத்தில் கேட்கும் இடங்களே மூடிக் கிடந்தன. நாடாளுமன்றத்தின் 2020 மழைக்காலக் கூட்டத்தில் கேள்வி நேரம் கிடையாது. எழுத்துப்பூர்வ பதில்கள் மட்டும். அந்த ஆண்டின் குளிர்காலக் கூட்டம் நடக்கவே இல்லை. தமிழகச் சட்டமன்றம் செப்டம்பரில் கலைவாணர் அரங்கத்தில் மூன்று நாள் கூடியது. அக்டோபர் 2 கிராம சபை ரத்து. திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாள் நின்று, கலெக்டர் அலுவலக வாசலில் ஒரு பெட்டி வைத்தார்கள். பெட்டியில் போட்டால் ரசீது கிடையாது. உரிமைகளை மிக அதிகமாகக் கட்டுப்படுத்திய ஒரு வருடத்தில்தான் இத்தனையும் நடந்தது. கடை எத்தனை மணிக்கு மூட வேண்டும் என்பதைக்கூட மக்கள் வாட்ஸ்அப்பில் தெரிந்துகொண்டார்கள், போலீஸ் லத்தியில் தெரிந்துகொண்டார்கள். நேரம் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி சாத்தான்குளத்தில் போலீஸ் அழைத்துப் போன தந்தையும் மகனும் உயிரோடு வீடு திரும்பவில்லை. ஊரடங்கு ஆணை தமிழில், தேதியோடு, காவல் நிலையச் சுவரில் ஒட்டப்பட வேண்டும் என்று கேட்பது சின்ன விஷயம் என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

பில் விஷயமும் அப்படித்தான். தனியார் மருத்துவமனைகளில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 15,000 ரூபாய் என்று 2020 ஜூனிலேயே தமிழக அரசு உச்சவரம்பு வைத்தது. அப்படி ஒன்று இருப்பதே, வரம்பைத் தாண்டிய பில்லோடு என்னிடம் வந்த குடும்பங்களுக்குத் தெரியாது. நகையை அடகு வைத்துக் கட்டிவிட்டு வந்த பிறகு நான் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்கள்.

சரி, மனுவை எப்படி எழுதுவது? என் அனுபவத்தில், முதலில் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம், அப்புறம்தான் மனு. 10 ரூபாய் கட்டணம், 30 நாள். கிடைத்த பதிலை, அல்லது பதில் வரவில்லை என்பதை, மனுவோடு இணைத்தால் எம்எல்ஏவின் உதவியாளர் அதை ஓரமாகப் போட மாட்டார். உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்று 7(1) பிரிவு சொல்கிறது. 2021 மே மாதம் ஆக்சிஜன் படுக்கைகள் பற்றி அந்தப் பிரிவில் ஒரு விண்ணப்பம் போட்டேன். பதில் 29ஆம் நாள் வந்தது. யாருக்காகக் கேட்டேனோ அவர் அதற்குள் இறந்து, காரியமும் முடிந்திருந்தது. அந்த உறையை இன்னும் வைத்திருக்கிறேன். சட்டத்தில் 48 மணி நேரம் என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது, அதை மீறியதை அவையில் ஒருவர் கேட்க வேண்டும் என்று எனக்குப் புரிய வைத்தது அதுதான்.

சட்டமன்றத்துக்கு நேராகவும் போகலாம். பேரவைக்கு மனுக்கள் குழு என்று ஒன்று உண்டு. மாவட்டங்களுக்கு வந்து மனு வாங்குவார்கள், செய்தித்தாளில் அறிவிப்பு வரும். நிபந்தனைகளைக் கவனித்துப் படியுங்கள். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, ஒரே துறை. நீதிமன்றத்தில் நடக்கும் விஷயம் கூடாது. பட்டா, ஓய்வூதியம், வேலைவாய்ப்பு போன்ற தனிநபர் கோரிக்கைகள் எடுபடாது. பொதுப்பிரச்சினை வேண்டும். மக்களவைக்கும் இதே போல் ஒரு குழு உண்டு. தமிழில் எழுதினால் இந்தி அல்லது ஆங்கில மொழிபெயர்ப்பை மனுதாரர் கையெழுத்தோடு இணைக்க வேண்டும். அதனால் நிறையப் பேர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். ஒரு பக்கத்தை மொழிபெயர்க்க ஊரில் ஓர் ஆசிரியர் கிடைக்காமல் போக மாட்டார்.

சட்டத்தையே மாற்றும்படியும் கேட்கலாம். படிவம் 4 அப்போது குடும்பத்தின் கைக்கு வந்ததில்லை என்று சொன்னேன் அல்லவா? 2023இல் நாடாளுமன்றம் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தைத் திருத்தி, மருத்துவமனைகள் காரணச் சான்றின் நகலை நெருங்கிய உறவினருக்கும் தர வேண்டும் என்று சேர்த்தது. அந்த ஒரு வரி 2021இல் இருந்திருந்தால், அந்த அம்மா கட்டைப்பையோடு ஆறு மாதம் அலைந்திருக்க வேண்டாம். இன்று மருத்துவமனையில் யாராவது இறந்தால் அந்த நகலைக் கேட்டு வாங்குங்கள்.

பணம் வந்த பிறகு அந்த அம்மா என்னோடு சேர்ந்து எம்எல்ஏவுக்கு இன்னொரு மனு எழுதினார். அதில் அவர் பெயருக்கு எதுவும் கேட்கவில்லை. நம் மாவட்டத்தில் எத்தனை விண்ணப்பங்கள் வந்தன, எத்தனை ஏற்கப்பட்டன, நிராகரித்தவற்றுக்கு என்ன காரணம். இதைச் சட்டமன்றத்தில் கேளுங்கள், பதிலை இணையத்தில் போடச் சொல்லுங்கள். அலுவலகத்தில் உதவியாளர் படித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார், “உங்களுக்குத்தான் வந்துருச்சேம்மா, இதுல உங்களுக்கு என்ன வேணும்?” அவர் சொன்னார், “எங்க தெருவுல இன்னும் மூணு வீட்டுக்கு வரலை சார். ஏன்னு தெரியணும்.”

அந்தக் கூட்டத்தொடரில் கேள்வி எழவில்லை. எம்எல்ஏ கலெக்டருக்குக் கடிதம் எழுதினார், இந்த முறை மனுவில் இருந்த மூன்று கேள்விகளையும் அப்படியே வரிசையாக எடுத்து எழுதி. முதல் இரண்டுக்கும் பதில் வந்தது. மூன்றாவதற்கு வரவில்லை. அதற்கு அந்த அம்மாவின் பெயரிலேயே தகவல் விண்ணப்பம் போட்டோம். 30 நாள் கழித்து முதல் மேல்முறையீட்டு மனுவை அவரே எழுதிக்கொண்டு வந்தார், ஒரே பக்கத்தில்.