கசந்தால் கொட்டுங்கள், பூண்டு போட்டு மறைக்காதீர்கள்

சுரைக்காய் ஜூஸ் குடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: "கசந்துச்சா?" பெரும்பாலும் "ஆமாம் டாக்டர், லேசா" என்பார்கள். "அப்புறம் ஏன் குடிச்சீங்க?" என்றால், "கசந்தாத்தானே மருந்து? கூட ரெண்டு பல் பூண்டும் மிளகும் தட்டிப் போட்டேன், கசப்பு தெரியல" என்று பதில் வரும். அந்தப் பக்கம் கட்டிலில் படுத்திருப்பவர் வாந்தியில் ரத்தம் எடுத்துக்கொண்டிருப்பார். இந்த வாரமும் அதே பதில், அதே வாந்தி. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பாண்டி கடற்கரைச் சாலையிலும் கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையிலும் காலையில் நடக்கிறவர்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் போய் ஏதாவது ஒரு பச்சைச் சாறு குடிக்கிறார்கள். சர்க்கரை போடாமல், உப்பும் மிளகும் பூண்டும் சேர்த்துக் காய்கறி ஜூஸ் குடிப்பதில் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. பாட்டிலில் அடைத்த இனிப்புத் தண்ணீரைவிட அது எவ்வளவோ மேல். என் சண்டை கசப்போடு மட்டும்தான்.

நம் சாப்பாட்டில் கசப்பு உண்டு. பாகற்காய், சுண்டைக்காய் வற்றல், வேப்பம்பூ ரசம், வெந்தயக் குழம்பு. இவை இயல்பிலேயே கசப்பவை. எவ்வளவு சாப்பிடலாம் என்பது தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தவை. இந்தப் பழக்கத்தில்தான் "கசப்பு உடம்புக்கு நல்லது" என்று ஒரு பொதுவிதி போட்டுக்கொண்டோம். அந்த விதி சுரைக்காய்க்குச் செல்லாது. வெள்ளரி, பீர்க்கு, புடல், பூசணி எதற்குமே செல்லாது. இவை கசக்கக் கூடாத காய்கள். கசந்தால் அதில் குக்குர்பிட்டாசின் என்ற நச்சு ஏறியிருக்கிறது என்று பொருள். பூச்சியும் விலங்கும் தின்னாமல் இருக்கக் கொடி தானே தயாரித்துக்கொள்ளும் பொருள் அது. பாகற்காயின் கசப்பு வேறு சரக்கு. சமையல் அளவில் அது யாரையும் படுக்க வைப்பதில்லை. இரண்டும் நாக்கில் ஒரே மாதிரி இருப்பதுதான் வினை.

"எங்க வீட்டு மாடித் தோட்டத்துச் சுரைக்காய் டாக்டர், மருந்தே அடிக்கலை" என்கிறார்கள். அடித்த மருந்தால் வந்த நச்சு இல்லை அம்மா இது, செடியே செய்த நச்சு. இயற்கை வேளாண்மைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சொல்லப்போனால் மாடித் தொட்டியில்தான் கூடுதல் கவனம் வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் தொட்டி மண் மதியத்துக்குள் காய்ந்து கொடி வாடும். தண்ணீர்ப் பஞ்சமும் வெப்பமும் தாக்கிய கொடியில் கசப்பு ஏறலாம். பேய்ச்சுரை போன்ற கசப்பு ரகத்தின் மகரந்தம் கலந்த காயிலிருந்து விதை எடுத்துப் போட்டாலும், குப்பையில் தானாக முளைத்த கொடியை வளரவிட்டாலும் அந்தக் குணம் திரும்பி வரலாம். காயின் நிறம், பளபளப்பு, பிஞ்சா முற்றலா, பெரிய மார்க்கெட்டில் வாங்கியதா உழவர் சந்தையில் வாங்கியதா, இவற்றில் எதை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. ஒரே கொடியில் ஒரு காய் நன்றாகவும் இன்னொன்று கசப்பாகவும் இருக்கக்கூடும். வேக வைத்தாலும் இந்த நச்சு போகாது.

கூட்டு வைத்தால் ஆபத்து குறைவு என்று தோன்றுவதற்குக் காரணம் வேறு. கூட்டு கசந்தால் முதல் வாயிலேயே தட்டைத் தள்ளிவிடுவோம். ஜூஸில் அரைக் கிலோ காய் ஒரு டம்ளருக்குள் இறங்கி, வெறும் வயிற்றில், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் உள்ளே போகிறது. நாக்கு எச்சரிப்பதற்கு நேரமே கொடுப்பதில்லை.

2010இல் டெல்லியில் ஒரு விஞ்ஞானி சுரைக்காய்ச் சாற்றோடு பாகற்காய்ச் சாற்றைக் கலந்து குடித்து இறந்துபோனார். சேர்ந்து குடித்த மனைவியும் ஆபத்தான நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பாகற்காய் சேர்ந்த பிறகு எந்தக் கசப்பு எதிலிருந்து வருகிறது என்று யாரால் சொல்ல முடியும்? இப்படிப்பட்ட பாதிப்புகளை ஆராய்ந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) நிபுணர் குழுவின் அறிக்கை 2012இல் வெளியானது. சாறு பிழியும் முன் ஒரு துண்டைச் சுவைத்துப் பாருங்கள், கசந்தால் முழுக் காயையும் எறியுங்கள், சுரைக்காய்ச் சாற்றை வேறு எந்தச் சாற்றோடும் கலக்காதீர்கள், குடித்த பிறகு குமட்டல், வாந்தி, பேதி, ஏதோ சரியில்லை என்ற உணர்வு வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள் என்று அந்தக் குழு சொன்னது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் நம் வீடுகளில் நடப்பது நேர் எதிர்: சுரைக்காய், வெள்ளரி, நெல்லிக்காய், பூண்டு, இஞ்சி, மிளகு, எலுமிச்சை எல்லாம் ஒன்றாக மிக்ஸியில்.

பூண்டு இதில் என்ன செய்கிறது? பச்சைப் பூண்டைத் தட்டினால் உண்டாகும் காரம் நாக்கைச் சுரீர் என்று பிடித்துக்கொள்கிறது. மிளகும் இஞ்சியும் அதோடு சேருகின்றன. எலுமிச்சைப் புளிப்பும் உப்பும் மிச்சத்தை மூடிவிடுகின்றன. லேசான கசப்பு இருந்தாலும் தெரியாது. நச்சு மட்டும் அப்படியே இருக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. எலுமிச்சை விதையோடு அரைத்தாலும் ஜூஸ் கசக்கும், பச்சைப் பூண்டை நிறையப் போட்டு நெடுநேரம் ஓடவிட்டாலும் ஒருவிதக் கடுப்புக் கசப்பு வரும். "பூண்டாலதான் கசக்குது" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு குடித்துவிடுகிறார்கள். ஆகவே காயைச் சுவைப்பது அரைப்பதற்கு முன்னால். பூண்டு கடைசியில்.

சுவைத்துப் பார்ப்பதற்கும் முறை இருக்கிறது. காம்புப் பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று என்று நகத்தளவு மெல்லிய துண்டுகள். பச்சையாக மென்று, பத்து விநாடி நாக்கில் வைத்திருந்து, துப்பிவிட்டு வாய் கொப்பளியுங்கள். விழுங்க வேண்டாம். இரண்டு காய் இருந்தால் இரண்டையும் தனித்தனியே பாருங்கள். பல் தேய்த்த கையோடு பார்க்காதீர்கள், பேஸ்ட் நாக்கின் சுவையை மாற்றிவிடும். வெற்றிலை பாக்கு, புகையிலை போடுகிறவர்களுக்கும் வயதானவர்களுக்கும் சுவை மங்கியிருக்கும், வீட்டில் வேறொருவர் பார்க்கட்டும். கசந்தால் அந்த முனையை மட்டும் நறுக்கி எறிந்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்துவது கூடாது. வெள்ளரிக்காய் நுனியை வெட்டித் தேய்த்து நுரை எடுத்தால் கசப்பு போய்விடும் என்று நம் வீடுகளில் ஒரு வழக்கம் இருக்கிறதே, அதை நம்பாதீர்கள். தேய்த்த பிறகும் சுவைத்துப் பாருங்கள். கசந்த காயை வீணாகிறதே என்று மாட்டுக்கும் போட வேண்டாம், அதற்கும் ஆகாது.

குடித்தபின் தொந்தரவு வந்தால், மோர் குடித்து, பெருங்காயம் கரைத்துக் குடித்து நேரத்தைக் கடத்தாதீர்கள். விரலை விட்டு வாந்தியும் எடுக்க வேண்டாம். 50 மில்லி குடித்தவர்களுக்கே பாதிப்பு வந்திருக்கிறது. வயிற்றுவலி, வாந்தி, பேதியில் தொடங்கி, இரைப்பையிலும் முன்சிறுகுடலிலும் புண்ணாகி ரத்தம் கசியும். ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். மாற்று மருந்து கிடையாது. ரத்தக் குழாய் வழியாகத் திரவம் ஏற்றி, இரைப்பை அமிலத்தைக் குறைத்து, அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம். அதனால் எவ்வளவு சீக்கிரம் வருகிறீர்களோ அவ்வளவு நல்லது. 108க்குக் கூப்பிடுங்கள், மிச்சமிருக்கும் ஜூஸையும் காயையும் கையோடு எடுத்து வாருங்கள். "என்ன சாப்பிட்டீங்க?" என்றால் "ஒண்ணுமில்ல, வெறும் ஜூஸ்தான்" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

சரி, காரமாக ஒரு நல்ல ஜூஸ் வேண்டுமென்றால் தக்காளியை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு டம்ளருக்கு நன்கு பழுத்த தக்காளி 250 கிராம், சுவைத்துப் பார்த்த வெள்ளரிப் பிஞ்சு ஒன்று, புதினா ஏழெட்டு இலை, சுண்டுவிரல் நகமளவு இஞ்சி, தண்ணீர் 100 மில்லி, பூண்டு அரைப் பல். ஆம், அரைப் பல்தான். கொடைக்கானல் மலைப்பூண்டு என்றால் இன்னும் குறைவாக. புதினாவைக் காம்பு ஆய்ந்து, ஓடும் தண்ணீரில் இலை இலையாகப் பிரித்து அலசுங்கள், நாம் வேக வைக்கப் போவதில்லை. பூண்டை முழுசாக மிக்ஸியில் போட்டால் சரியாக அரைபடாமல் நிற்கும். கடைசி மடக்கில் துண்டாக வாயில் சிக்கும். உரலில் உப்போடு நசுக்கி ஐந்து நிமிடம் வைத்திருங்கள். மற்றவற்றை இருபது விநாடிக்கு மேல் ஓட்டாதீர்கள், நெடுநேரம் ஓட்டினால் நுரை மேலே, தண்ணீர் கீழே என்று பிரியும். ஒரு வாய் சுவைத்துப் பார்த்துவிட்டு, பிறகு பூண்டு, வறுத்த சீரகத்தூள் கால் டீஸ்பூன், இரண்டு சிட்டிகை உப்பு, விதை நீக்கிப் பிழிந்த அரை மூடி எலுமிச்சை. வடிகட்ட வேண்டாம், நார்ச்சத்தைச் சல்லடையில் விட்டுவிட்டு என்ன பயன்? பச்சைப் பூண்டால் நெஞ்செரிச்சல் வருகிறவர்கள் தோலோடு தோசைக்கல்லில் சுட்டு, உரித்துப் போடுங்கள். காரம் அடங்கும், வாசனை நன்றாக இருக்கும்.

கண்ணாடி டம்ளரிலோ எவர்சில்வரிலோ குடியுங்கள். செம்புப் பாட்டிலிலும் ஈயம் பூசாத பித்தளைச் செம்பிலும் புளிப்புச் சாற்றை ஊற்றி வைத்தால் செம்பு கரைந்து இறங்கிக் குமட்டலும் வாந்தியும் வரும். செய்தவுடன் குடியுங்கள், வாரத்துக்கு ஒருமுறை அரைத்து பாட்டிலில் அடைக்கும் வேலை வேண்டாம். பூண்டும் கேரட்டும் மண்ணுக்குள் விளைபவை, பாட்டுலினம் கிருமியின் வித்துகள் அவற்றில் இருக்கலாம். புளிப்பில்லாத சாறு, மூடிய பாட்டில், வெளியில் வைத்த சூடு, மூன்றும் சேர்ந்தால் அது பெருகி நரம்பை முடக்கும் நச்சைச் செய்யும். 2006இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் பாட்டில் கேரட் ஜூஸ் குடித்தவர்கள் அப்படித்தான் பாதிக்கப்பட்டார்கள். பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊறவைத்து அடுப்பு மேடையில் வைப்பதற்கும் இதே எச்சரிக்கை.

வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றும் ஒரு குறிப்பு இருக்கிறது: பூண்டுச் சாறு, இஞ்சிச் சாறு, எலுமிச்சைச் சாறு, ஆப்பிள் சிடர் வினிகர் தலா ஒரு கப், காய்ச்சிச் சுண்டவைத்துத் தேன் கலந்தால் இதய அடைப்பு கரையும் என்று. கரையாது. குழாயில் படிந்தது இப்படிக் கரைவதில்லை. அதைக் குடிப்பதைவிட, அதை நம்பி ஆஸ்பிரினையும் கொலஸ்ட்ரால் மாத்திரையையும் நிறுத்துவதுதான் என்னைப் பதறவைக்கிறது. மாத்திரையை நிறுத்தாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். நெஞ்சு வலித்தால் ஈசிஜி எடுங்கள்.

சிறுநீரகம் சுணங்கி ரத்தத்தில் கிரியாட்டினின் கூடியிருப்பவர்கள் எந்தக் காய்கறி ஜூஸையும் தாங்களாகத் தொடங்கக் கூடாது. தக்காளியிலும் கீரையிலும் உள்ள பொட்டாசியம் அவர்களுக்கு இதயத் துடிப்பைக் குலைக்கும். பிலிம்பி என்ற புளிப்புக் காய், நட்சத்திரப்பழம், பச்சைப் பசலைச் சாறு இவற்றிலுள்ள ஆக்ஸலேட் என்ற உப்பு சிறுநீரகத்தில் படிந்து, நன்றாக இருந்த சிறுநீரகத்தையே செயலிழக்க வைத்த நிகழ்வுகள் உண்டு. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் இட்லிக்குப் பதில் ஜூஸ் என்று மாற்றினால் பதினோரு மணிக்குச் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அசிட்ரோம் எடுக்கிறவர்களுக்குக் கீரைச் சாறு மருந்தின் வேலையைக் குறைக்கும், நிறையப் பச்சைப் பூண்டு ரத்தக் கசிவைக் கூட்டும். ரத்தம் கட்டாமலிருக்கக் குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் எடுக்கிறவர்களும் பூண்டைச் சமையல் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் குறைந்தது ஒரு வாரம் முன்பே பச்சைப் பூண்டுச் சாற்றை நிறுத்திவிட்டு, மயக்க மருந்து டாக்டரிடம் எவ்வளவு நாளாகக் குடிக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். அவர் மருந்துகளைப் பற்றித்தான் கேட்பார், ஜூஸைப் பற்றிக் கேட்கமாட்டார். நீங்களாகச் சொல்ல வேண்டும். பல் பிடுங்கப் போனாலும் அப்படியே.