பெர்மாகல்ச்சர்: நிலைத்த வேளாண்மை

கொடைக்கானல், தாண்டிக்குடிப் பக்கம் தோட்டம் போடுகிறவர்கள் பேச்சில் இப்போது அடிபடும் சொல் பெர்மாகல்ச்சர். 1970களில் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பில் மோலிசனும் டேவிட் ஹோல்ம்கிரனும் உருவாக்கியது. நிலையானது என்னும் 'பெர்மனென்ட்', வேளாண்மை என்னும் 'அக்ரிகல்ச்சர்' இரண்டையும் சுருக்கி ஒட்டினார்கள். அப்புறம் அதிலுள்ள 'கல்ச்சர்' பண்பாட்டையும் குறிக்கும் என்று பொருள் விரிந்தது.

இயற்கை வேளாண்மைக்கு இது இன்னொரு பெயர் என்று பலர் சொல்லிவிடுகிறார்கள். அது சரியல்ல. ரசாயன உரமில்லாமல் ஒரே பயிரை ஏக்கர் கணக்கில் வைத்தாலும் இயற்கை வேளாண்மைதான். பெர்மாகல்ச்சரின் உயிர் அமைப்பில் இருக்கிறது. எதன் பக்கத்தில் எது, எந்த உயரத்தில் எது, மழைத்தண்ணீர் எங்கே நின்று இறங்கும் என்பதையெல்லாம் காட்டைப் பார்த்துத் திட்டமிடுவது அது.

கீழ்ப்பழனி மலையின் பழைய காப்பித் தோட்டங்களைப் பாருங்கள். மேலே பலாவும் கல்யாண முருங்கையும், அவற்றில் ஏறும் மிளகு, நிழலில் காப்பி, இடையில் மலைவாழை, ஆரஞ்சு. கல்யாண முருங்கை பயறு வகைக் குடும்பம். காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) வேர்முடிச்சுகளில் சேர்க்கும். கிளை கழித்துப் போட்டால் தழை மட்கி எருவாகும். உதிர்ந்த இலை மூடாக்காகக் கிடப்பதால் மழைக்கு மேல்மண் எளிதில் இறங்காது. நிழலுக்குச் சில்வர் ஓக் மரம் மட்டும் நட்ட தோட்டத்தில் இந்தப் பின்னல் கிடைக்காது. பழைய தோட்டங்களை அழிக்க நினைப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'நீடித்த வேளாண்மை' என்பது 'சஸ்டெய்னபிள் அக்ரிகல்ச்சர்' என்னும் வேறொரு பொதுக் கருத்துக்குப் பழகிவிட்டது. 'நிலைத்த வேளாண்மை' என்பதே என் தேர்வு. மண்ணைப் பேணுதல், மனிதரைப் பேணுதல், மிகுந்ததைப் பகிர்தல் என மூன்று அறங்களைப் பெர்மாகல்ச்சர் சொல்கிறது. வேளாண்மை என்ற சொல்லுக்கும் பயிர்த்தொழிலோடு பிறர்க்கு உதவுதல் என்ற பொருள் உண்டு. 81ஆம் குறளில் விருந்தோம்பலோடு சேர்ந்து வருவது அந்தப் பொருளில்தான்.

நிலத்தை மீட்பதும் இந்தச் சொல்லுக்குள் அடங்கும். மேல்பழனியின் புல்வெளிகளில் நட்ட ஆஸ்திரேலிய வாட்டில் மரங்கள் எல்லை மீறிப் பரவிவிட்டன. ஆனால் சில இடங்களில் முதிர்ந்த வாட்டிலின் நிழலில் சோலை என்னும் மலைக்காட்டின் இயல்பான மரக்கன்றுகள் தாமாகவே வளர்கின்றன. அங்கே மொத்தமாக வெட்டினால், வெயில் பட்டதும் மண்ணுக்குள் கிடக்கும் வாட்டில் விதைகள் கூட்டமாக முளைத்துவிடும். சோலை வரும் இடத்தில் மரத்தை விட்டுவைத்து, மிஞ்சிய புல்வெளியில் நுழையும் வாட்டில் கன்றுகளை மட்டும் பிடுங்குவதே நல்லது.