டிரான்ஸ்போசான்: இடமாறு கூறு

டிரான்ஸ்போசான் என்பது மரபணுத்தொகுதியில், அதாவது ஓர் உயிரியின் முழு டி.என்.ஏ.வில், புதுப்புது இடங்களில் போய் நுழையும் டி.என்.ஏ. துண்டு. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘குதிக்கும் மரபணு’ என்ற செல்லப்பெயர் கவர்ச்சியானது, ஆனால் சுண்டெலியின் மரபணுத்தொகுதிக்கு அது பொருந்தாது. குதித்தால் பழைய இடம் காலியாக வேண்டுமே! சுண்டெலியில் இப்போதும் இயங்கும் எல்-1 போன்ற கூறுகள் இருந்த இடத்திலேயே இருக்கும். அவற்றின் ஆர்.என்.ஏ. நகல் மறுபடி டி.என்.ஏ.வாக எழுதப்பட்டு வேறோர் இடத்தில் நுழையும். அப்படிச் சேர்ந்து சேர்ந்துதான், 2002இல் வெளியான சுண்டெலி மரபணுத்தொகுதி வரைவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இவற்றின் மிச்சமாக இருந்தது.

மக்காச்சோள மணிகளின் நிறப் புள்ளிகளை ஆராய்ந்து 1940களில் இவற்றைக் கண்டறிந்த பார்பரா மெக்ளின்டாக் வைத்த பெயர் ‘கட்டுப்படுத்தும் கூறுகள்’. நோபல் பரிசு வந்தது 1983இல்தான். ‘டிரான்ஸ்போசான்’ என்ற சொல்லை 1974இல் ஹெட்ஜஸ், ஜேக்கப் இருவரும் பாக்டீரியா ஆய்வில் அறிமுகப்படுத்தினார்கள். லத்தீனில் ‘டிரான்ஸ்’ என்றால் அப்பால், ‘போனெரே’ என்றால் வைத்தல்.

சரி, தமிழில்? ‘வைத்தல்’ என்பதால் ‘இடமாற்றும்’ என்று பிறவினையாகச் சொல்வதா, ‘இடமாறும்’ என்று தன்வினையாகச் சொல்வதா? வேடிக்கை என்னவென்றால், சுண்டெலியில் இரண்டு வகையும் உண்டு. எல்-1 தனக்கு வேண்டிய புரதங்களைத் தானே செய்துகொள்ளும். பி-1, பி-2 என்ற குட்டிக் கூறுகளுக்கு அந்த வசதி இல்லை, எல்-1இன் புரதங்களை ஓசியில் பயன்படுத்திப் பரவுகின்றன. பி-1இன் மூதாதை 7எஸ்எல் என்ற சாதாரண ஆர்.என்.ஏ. மரபணு. மனிதரிடம் லட்சக்கணக்கில் இருக்கும் ‘அலு’ கூறுகளுக்கும் அதுவே மூலம்.

வினைச்சொல்லின் காலமும் சிக்கல்தான். இக்கூறுகளில் பெரும்பாலானவை பிறழ்வுகள், அதாவது டி.என்.ஏ.வில் நேரும் மாற்றங்கள், சேர்ந்து சிதைந்துபோனவை. அவை ‘இடமாறிய’ கூறுகள். ஆனால் மனிதரைவிடச் சுண்டெலியில் உயிரோடிருப்பவை மிக அதிகம். அங்கே தானாகத் தோன்றும் பிறழ்வுகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்று இவற்றின் கைவரிசை. மனிதரில் அது ஒரு விழுக்காட்டைக்கூடத் தொடாது. அகூட்டி என்ற நிற மரபணுவுக்கு முன்னால் ஐ.ஏ.பி. என்ற கூறு புகுந்த சுண்டெலி வகை ஒன்று உண்டு. அக்கூறு விழித்திருந்தால் உடல் பருத்து மஞ்சள் ரோமம், அடங்கியிருந்தால் வழக்கமான பழுப்பு. டி.என்.ஏ. எழுத்துகள் ஒன்றாகவே இருக்கும் உடன்பிறப்புகளிலேயே இந்த இரண்டும், இடையில் திட்டுத்திட்டானவையும் பிறக்கின்றன!

அதனால், புது இடத்துக்குப் போவது நகல்தான் என்றாலும், ‘இடமாறு கூறு’ என்பதே என் தேர்வு. வளர்பிறை போல இது வினைத்தொகை: மாறிய, மாறுகின்ற, மாறும் மூன்றும் அதில் அடக்கம். இயற்பியலில் ‘இடமாறு தோற்றப்பிழை’ ஏற்கெனவே பழகிய சொல். பி-1 விஷயத்தில் தன்வினை கொஞ்சம் உறுத்தும். அதற்கு ‘சார்பு இடமாறு கூறு’ என்று ஒரு அடைமொழி சேர்த்துக்கொள்ளலாம்.