சில்லறையை எண்ணும் செல்

செல் சர்க்கரையை உடைத்து ஆற்றல் எடுக்கும் பாதையான கிளைகோலிசிஸின் பத்துப் படிகளையும் தேர்வுக்காக வரிசை மாறாமல் ஒப்பித்தவர்கள் நம்மில் பலர். குளுக்கோஸ் உடைந்து இரண்டு பைருவேட் ஆகும். நிகர லாபம், ஆற்றலைச் சுமக்கும் ஏடிபி மூலக்கூறுகள் இரண்டு. இந்த ஆலையை எப்போது முடுக்க வேண்டும், எப்போது அடக்க வேண்டும் என்பது செல்லுக்கு எப்படித் தெரிகிறது என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. எனக்கு அந்தப் பத்துப் பெயர்களைவிட இதுதான் சுவையான சங்கதி.

ஏடிபி என்பது செல்லின் கைச்செலவுக் காசு. (1929-இல் ஹார்வர்டில் ஃபிஸ்க்குடன் சேர்ந்து அதைப் பிரித்தெடுத்த சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அதே ஆண்டு ஜெர்மனியில் லோமனும் தனியாகக் கண்டறிந்தார்.) இந்தக் காசைச் சேர்த்து வைக்க முடியாது. முழு வேகத்தில் ஓடுபவரின் தசையில் இருக்கும் ஏடிபி சில நொடிகளுக்குத்தான் வரும். ஆனாலும் ஓடும்போது அதன் அளவு பெரிதாகச் சரிவதில்லை. செலவு ஏறிய மறுகணமே வரவும் ஏறுகிறது.

இதன் முதல் தடயம் பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டரிடம் சிக்கியது. காற்றில்லாத இடத்தில் ஈஸ்ட் சர்க்கரையை வாரி விழுங்குகிறது, காற்றுப் பட்டால் கொஞ்சமாகத் தின்றே செழிப்பாக வளர்கிறது என்று 1861-இல் அவர் கவனித்தார். ஆக்சிஜன் இருந்தால் ஒரு குளுக்கோஸிலிருந்து ஏறக்குறைய 30 ஏடிபி கிடைக்கும். அதனால் குறைந்த சர்க்கரையே போதும் என்பது சரி. போதும் என்று ஆலைக்குச் சொல்வது யார்?

மூன்றாவது படியில் நிற்கும் ஃபாஸ்ஃபோஃப்ரக்டோகைனேஸ் என்ற நொதிதான் இங்கே முக்கியக் காவல். முதல் படியில் ஏன் இல்லை? அந்தப் படி தாண்டிய சர்க்கரை கிளைகோஜனாகச் சேமிப்புக்கும் போகலாம், வேறு கிளைப் பாதைக்கும் திரும்பலாம். மூன்றாவது படியைத் தாண்டினால் அந்தத் தேர்வுகள் போயின, உடைந்தே தீர வேண்டும்.

இந்த நொதி தன் வேலைக்கு ஏடிபியைச் செலவழிக்கிறது. அதே ஏடிபி மிகுந்தால், நொதியின் வேறோர் இடத்தில் போய் ஒட்டி அதை மந்தமாக்குகிறது. இரையும் அதுவே, கடிவாளமும் அதுவே. ஆக்சிஜனைக் கொண்டு ஏடிபி ஆக்கும் செல்லறையான மைட்டோகாண்ட்ரியாவில் வேலை தேங்கினால் அங்கிருந்து சிட்ரேட் என்ற மூலக்கூறு கசிந்து வந்து கடிவாளத்தை இன்னும் இறுக்குகிறது.

ஆனால் ஏடிபியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் செல் ஏமாந்துவிடும், அதன் அளவு அவ்வளவு லேசில் அசையாது. மூன்று ஃபாஸ்பேட் கொண்ட ஏடிபி அதில் ஒன்றை இழந்தால், அதன் தம்பியான இரண்டு ஃபாஸ்பேட் கொண்ட மூலக்கூறு மிஞ்சும். அவசரத்தில் அந்த மூலக்கூறுகள் இரண்டை இணைத்து ஓர் ஏடிபியை மீட்கிறது இன்னொரு நொதி. மிச்சம் விழுவது ஒற்றை ஃபாஸ்பேட்டுடன் நிற்கும் ஏஎம்பி. பாடநூல் கணக்கு ஒன்று: ஏடிபி 5 பங்கும் ஏஎம்பி 0.1 பங்கும் இருந்த செல்லில் ஏடிபி 4.5 ஆகக் குறைகிறது. பத்து சதவீதம்தான், கண்ணுக்கே தெரியாது. ஏஎம்பியோ 0.6 ஆகி ஆறு மடங்காகிறது. நோட்டுக்கட்டை விட்டுவிட்டுச் சில்லறையை எண்ணுகிறது செல். ஏஎம்பி ஏறியதும் மூன்றாம் படியின் கடிவாளம் தளர்கிறது. ஏஎம்பிகே என்ற இன்னொரு நொதியும் விழித்து, கொழுப்புத் தயாரிப்பு போன்ற செலவுகளை நிறுத்திவைக்கிறது.

கல்லீரலின் கதை வேறு. அது தனக்காக மட்டும் சமைப்பதில்லை, மூளைக்கும் படியளக்க வேண்டும். அங்கே ஹார்மோன் சொல்வதே செல்லும். 1980-இல் பெல்ஜியத்தில் ஹெர்ஸும் வான் ஷாஃப்டிங்கெனும் ஃப்ரக்டோஸ்-2,6-பிஸ்ஃபாஸ்பேட் என்ற மூலக்கூறைக் கண்டார்கள். பத்துப் படிகளில் எதிலும் அதற்கு இடமில்லை, சேதி சொல்வதே அதன் வேலை. அது இருந்தால் சர்க்கரை உடையும். வற்றினால் பாதை திரும்பிப் புதுக் குளுக்கோஸ் உருவாகும். அதை ஆக்குவதும் அழிப்பதும் ஒரே புரதத்தின் இரு முனைகள். பட்டினியில் குளூக்ககான் என்ற ஹார்மோன் வந்தால் அழிக்கும் முனை வேலை செய்யும், சாப்பிட்டபின் இன்சுலின் வந்தால் ஆக்கும் முனை.

குளுக்கோஸை உடைக்கும் பாதையும் ஆக்கும் பாதையும் ஒன்றாக ஓடினால் ஏடிபி வீணாய்ப் போகும். ஆனால் உடலே ஓரிடத்தில் அந்த நட்டத்தை ஏற்கிறது. மைட்டோகாண்ட்ரியா இல்லாத சிவப்பணு, ஒரு குளுக்கோஸை உடைத்து இரண்டே ஏடிபி எடுத்துக்கொண்டு மிச்சமான லாக்டேட்டை வெளியே தள்ளுகிறது. அதைக் கல்லீரல் வாங்கி, ஆறு ஏடிபிக்கு ஈடான செலவில் மறுபடி ஒரு குளுக்கோஸாக்கி அனுப்பிவைக்கிறது.