“பழைய ஃபைல்னு நினைச்சு அழிச்சுட்டேன் சார்”

போன வாரம் காலை ஏழரை மணிக்குப் பேரணாம்பட்டிலிருந்து போன். ஒரு தோல் கம்பெனியின் கணக்காளர். “சார், டேலி ஓப்பன் ஆகல.” காட்பாடியில் கிளம்பி, குடியாத்தம் வழியாக நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இந்த ஆண்டில் இதே மாதிரி இது மூன்றாவது கேஸ். இனியும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அங்கே ஒரே சர்வர், உபுண்டு லினக்ஸ். அதில் கே.வி.எம். என்ற எஞ்சினைப் போட்டு மூன்று விர்ச்சுவல் மெஷின்கள் (விஎம்), அதாவது ஒரே மெஷினுக்குள் மூன்று தனிக் கம்ப்யூட்டர்கள் மாதிரி, ஓடுகின்றன. டேலி இருப்பது விண்டோஸ் விஎம்மில். ஏழு மாதத்துக்கு முன்பு டேலி அப்டேட்டுக்காக, அப்போது வேலையில் இருந்த தம்பி கறுப்புத் திரையில் தட்டும் விர்ஷ் கட்டளையில் ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது வேண்டுமானால் விஎம்மின் அப்போதைய நிலைக்குத் திரும்ப ஒரு அடையாளம், எடுத்திருக்கிறார். அப்டேட் நல்லபடியாக முடிந்தது. ஸ்னாப்ஷாட்டை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தத் தம்பியும் வேறு வேலை கிடைத்து ஓசூர் போய்விட்டார்.

அன்று காலை டிஸ்க் நிரம்பி விஎம் அப்படியே நின்றுவிட்டது. புதிதாகச் சேர்ந்தவருக்கு விஎம்களை மவுஸிலேயே நடத்தும் விர்ட் மேனேஜர் மட்டும்தான் பழக்கம். அதில் ஸ்னாப்ஷாட் பட்டியல் காலி. மெட்டாடேட்டா, அதாவது ஸ்னாப்ஷாட் பற்றிய குறிப்பு, வேண்டாம் என்று சொல்லி எடுத்த ஸ்னாப்ஷாட் அந்தப் பட்டியலில் வராது. சரி, எது இடத்தை அடைக்கிறது என்று விஎம்களின் டிஸ்க் ஃபைல்கள் இருக்கும் இமேஜஸ் ஃபோல்டரைத் திறந்திருக்கிறார். கிட்டத்தட்ட ஒரே பெயரில் இரண்டு ஃபைல். ஒன்று 180 ஜிபி, ஏழு மாதப் பழைய தேதி. இன்னொன்று 90 ஜிபி, அன்றைய தேதி. பழையது எதற்கு என்று 180 ஜிபியை அழித்துவிட்டார். அழித்தும் இடம் கூடவில்லை. ரீபூட் செய்தால் சரியாகும் என்று சர்வரையே ரீபூட் செய்துவிட்டார்.

அந்த ரீபூட்டைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. ஃபைலை அழித்த பிறகும் இடம் வரவில்லை என்றால், ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் அதை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். விஎம்மை இயக்கும் கியூஎமு உயிரோடு இருக்கும்வரை, ஓடும் புரோகிராம்களை லினக்ஸ் காட்டும் ப்ராக் ஃபோல்டர் வழியாக அந்த 180 ஜிபியை அப்படியே வேறு டிஸ்கில் எடுத்திருக்கலாம். வண்டியில் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் எப்போதும் வைத்திருக்கிறேன். ரீபூட் ஆன நொடியில் அந்த வழியும் அடைபட்டுவிட்டது.

அந்தப் புதியவரை நான் திட்டவில்லை. தேதியைப் பார்த்து முடிவு செய்தார், அவ்வளவுதான். ஸ்னாப்ஷாட் என்றால் பேக்கப் என்று அவருக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான் பார்க்கும் பத்து பேரில் எட்டு பேர் அப்படித்தான் நம்புகிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

கணக்குப் பிள்ளை ஒருவர் பேரேட்டை மூடி வைத்துவிட்டு, ‘இன்று முதல் வரவு செலவெல்லாம் புது நோட்டில்’ என்று எழுத ஆரம்பிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய பேரேட்டில் இனி ஒரு எழுத்துகூட விழாது. அதனால்தான் அதன் தேதி ஏழு மாதத்துக்கு முன்பே நின்றுவிடுகிறது. ஆனால் ஆரம்ப இருப்பு, பாக்கி, ஸ்டாக் எல்லாம் அதில்தான் இருக்கிறது. புது நோட்டில் இருப்பது அதற்குப் பிறகு மாறியவை மட்டும். பேரேட்டைக் கிழித்துப் போட்டால் நோட்டை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இந்த வகை ஸ்னாப்ஷாட்டில் நடப்பது அச்சு அசல் இதுதான். எதுவும் நகல் எடுக்கப்படவில்லை.

“நாங்க விர்ட் மேனேஜர்லயே எடுக்கறோம் சார், ஒரே ஃபைல்தான் இருக்கு” என்பார்கள். அப்படியானால் ஸ்னாப்ஷாட் அந்த ஒரே ஃபைலுக்குள்ளேயே இருக்கிறது. ஃபைல் போனால் அதுவும் போகும். “இசட்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட் சார்” என்றால், அது டிஸ்கில் ஃபைல்களை வைக்கும் அமைப்பே எடுக்கும் ஸ்னாப்ஷாட், அதுவும் அதே டிஸ்குகளில்தான். “ரெய்டு இருக்கே?” ஒரே தகவலை இரண்டு டிஸ்கிலும் எழுதும் ரெய்டு, ஒரு டிஸ்க் செத்தால் வேலை நிற்காமல் பார்த்துக்கொள்ளும். நீங்கள் அழித்ததை இரண்டு டிஸ்கிலும் ஒழுங்காக அழித்தும் கொடுக்கும். மே மாதத்து வேலூர் வெயிலில், ராத்திரி ஏசியை அணைத்துவிட்டுப் போகிற சர்வர் ரூமில் எல்லா டிஸ்கும் சேர்ந்துதான் வேகிறது. வேறு டிஸ்கில், முடிந்தால் வேறு கட்டடத்தில் இருந்தால்தான் அது பேக்கப்.

சரி, விஎம்களை நடத்தும் டூலுக்கு வருகிறேன். வாரத்துக்கு ஒருவராவது “எந்த டூல் பெஸ்ட் சார்?” என்று கேட்கிறார்கள். அடியில் எஞ்சின் ஒன்றுதான். கே.வி.எம். 2007-லேயே லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் சேர்ந்துவிட்டது. விர்ஷ், விர்ட் மேனேஜர், பிரவுசரில் திறக்கும் காக்பிட் மூன்றுமே லிப்விர்ட் என்ற ஒரே அடுக்கோடு பேசுகிறவை. விர்ட் மேனேஜரை நீக்கிவிட்டால் விஎம்கள் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். வேகத்திலும் வித்தியாசம் வராது.

நான் கேட்பது ஒரே கேள்விதான்: நான் கீபோர்டைத் தொடாமல் நிற்கிறேன், உங்கள் ஆபீசில் இருப்பவர் இந்த டூலை வைத்து, நேற்றைய பேக்கப்பிலிருந்து ஒரு விஎம்மை எழுப்பிக் காட்டுவாரா? காட்டினால் அந்த டூல் உங்களுக்குச் சரி. இல்லையென்றால், அது எவ்வளவு நல்ல டூலாக இருந்தாலும் உங்களுக்கு வேண்டாம்.

கறுப்புத் திரையைக் கண்டாலே தயங்குகிறவர்கள் இருக்கும் ஆபீசுக்கு நான் ப்ராக்ஸ்மாக்ஸ்தான் போடுகிறேன். டெபியன் லினக்ஸ் மேல் கட்டிய விஎம் சர்வர் மென்பொருள், இலவசம். பிரவுசரிலேயே தினசரி பேக்கப்புக்கு நேரம் குறிக்கலாம், ரீஸ்டோரும் அங்கேயே. உள்ளே நுழைந்ததும் சப்ஸ்கிரிப்ஷன் இல்லை என்று ஒரு பெட்டி வரும். டிரயல் முடிந்துவிட்டது என்று பயந்து ஆம்பூரில் ஒருவர் மெஷினையே ஆஃப் செய்து வைத்திருந்தார். பயப்பட ஒன்றுமில்லை, மூடிவிட்டு வேலையைப் பாருங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: ப்ராக்ஸ்மாக்ஸ் லிப்விர்ட்டைப் பயன்படுத்துவதில்லை. அதன் மேல் விர்ட் மேனேஜரைக் கொண்டுவந்து ஏற்றாதீர்கள்.

லினக்ஸ் தெரிந்த ஆள் நிரந்தரமாக இருக்கிறார், இரண்டு மூன்று விஎம்தான் என்றால் லிப்விர்ட்டும் காக்பிட்டும் தாராளமாகப் போதும். விர்ட் மேனேஜர்தான் வேண்டுமென்றால் உங்கள் லேப்டாப்பில் போட்டு எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக இணையுங்கள், அதற்காகச் சர்வரில் டெஸ்க்டாப்பை ஏற்ற வேண்டாம். இங்கே பேக்கப்புக்கு நேரம் குறிக்கும் வசதி தானாக வராது, ஸ்கிரிப்ட் நீங்கள்தான் எழுத வேண்டும். எழுதும்போது டிஸ்க் ஃபைலோடு அந்த விஎம்மின் அமைப்பைச் சொல்லும் எக்ஸ்எம்எல் ஃபைலையும் சேர்த்து எடுங்கள்.

விர்ச்சுவல்பாக்ஸ் என்ற விஎம் மென்பொருள் கற்றுக்கொள்வதற்கு நல்லது. ஆபீஸ் சர்வரில் வேண்டாம். இதே வேலைக்கான விஎம்வேரை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கி, அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பனையை நிறுத்திய பிறகு, ராணிப்பேட்டை சிப்காட் பக்கமிருந்து நிறைய பேர் மாற வேண்டும் என்று வருகிறார்கள். மாறுங்கள், தப்பில்லை. ஆனால் ரீஸ்டோர் செய்து பார்க்கும்வரை பழைய சர்வரைக் காலி செய்யாதீர்கள்.

இன்னும் சில. ப்ராக்ஸ்மாக்ஸில் இரண்டே சர்வரை வைத்து கிளஸ்டர் (ஒன்றாகச் சேர்ந்து இயங்கும் சர்வர் கூட்டம்) கட்டாதீர்கள். கரண்ட் போய் ஒன்று விழுந்தால் ஓட்டு எண்ணிக்கை போதாமல், மற்றதில் புதிதாக எந்த விஎம்மும் ஸ்டார்ட் ஆகாது. மூன்றாவது ஓட்டுக்கு ஒரு சின்ன மெஷினாவது வேண்டும். முதலாளி சென்னையிலிருந்து பார்க்க ஆசைப்படுகிறார் என்று ரவுட்டரில் ப்ராக்ஸ்மாக்ஸின் 8006 போர்ட்டைத் திறந்து விடுவது வாசல் கதவைக் கழற்றி வைப்பது மாதிரி. தயவுசெய்து வயர்கார்ட் விபிஎன் போடுங்கள். விர்ஷில் ‘டெஸ்ட்ராய்’ என்ற சொல்லைப் பார்த்து எல்லோரும் நடுங்குகிறார்கள். அது பிளக்கைப் பிடுங்குவதற்குச் சமம், டிஸ்கை அழிக்காது. நிஜமாகவே அழிப்பது ‘அன்டிஃபைன்’ கட்டளையோடு ஸ்டோரேஜையும் எடுத்துவிடு என்று சேர்த்துச் சொல்வதுதான். அதை அடிக்கும்போது கை நடுங்கட்டும்.

ஸ்னாப்ஷாட் எடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. அப்டேட்டுக்கு முன் எடுங்கள், வேலை முடிந்ததும் அன்றைக்கே விர்ஷின் பிளாக்கமிட் கட்டளையால் இரண்டு ஃபைலையும் ஒன்றாக்குங்கள். எந்த விஎம் எந்த ஃபைலில் ஓடுகிறது என்பதை விர்ஷின் டோம்பிளாக்லிஸ்ட் கட்டளை காட்டும். அதற்குப் பின்னால் வேறு ஃபைல் தொங்குகிறதா என்று கியூஎமு இமேஜ் இன்ஃபோ கட்டளை சொல்லும். இரண்டையும் பார்க்காமல் அந்த ஃபோல்டரில் எதையும் தொடாதீர்கள்.

பேரணாம்பட்டில் கணக்காளரின் பென் டிரைவில் இரண்டு மாதத்துக்கு முந்தைய டேலி பேக்கப் ஒன்று கிடைத்தது. மீதியைப் பில் கட்டுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு, அவரும் இன்னொரு பெண்ணும் ராத்திரி ஒன்பது வரை உட்கார்ந்து ஏற்றுகிறார்கள். 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி கட்ட வேண்டும். சர்வரில் இப்போது ப்ராக்ஸ்மாக்ஸ் ஓடுகிறது, பேக்கப் பின் கட்டடத்தில் இருக்கும் மெஷினுக்குப் போகிறது. சனிக்கிழமை அந்தப் புதியவரே ஒரு விஎம்மை ரீஸ்டோர் செய்து காட்டினார், நாற்பது நிமிடம் ஆனது. கிளம்புவதற்கு முன் ரேக் கதவில் ஒரு தாள் ஒட்டிவிட்டு வந்தேன். என் நம்பரும் ஒரு வரியும்: ‘எதையும் அழிப்பதற்கு முன், ரீபூட் செய்வதற்கு முன், எந்த நேரமானாலும் கூப்பிடவும்.’