கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் மாடி தாங்குமா?

போன மாதம் குன்னூரில் ஒரு லைன் வீட்டுக்குப் போயிருந்தேன். சரிவில் ஒட்டி ஒட்டிக் கட்டிய ஐந்து வீடுகளில் நடு வீடு. வீட்டுக்காரர் ஓய்வு பெற்றவர். மகனுக்குக் கல்யாணம் வருகிறது, அதனால் மேலே 600 சதுர அடியில் ஒரு மாடி வேண்டும். தாங்குமா என்று கேட்க என்னைக் கூப்பிடவில்லை, பிளானில் இன்ஜினியர் கையெழுத்து வாங்கக் கூப்பிட்டிருந்தார். மேஸ்திரிக்கு அட்வான்ஸ்கூடக் கொடுத்தாகிவிட்டது. "தாங்கும்னு யாருங்க சொன்னாங்க?" என்றேன். மொட்டைமாடிக்கு அழைத்துப் போனார்.

"கம்பி விட்டிருக்குங்களே சார்!"

இதை எத்தனை வீட்டில் கேட்டேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

தூணுக்கு மேலே ஒரு முழம் கம்பி நீட்டிக்கொண்டிருந்தால், கட்டியவருக்கு அன்றைக்கு மாடி ஆசை இருந்தது என்று தெரியும். அவ்வளவுதான். அஸ்திவாரக் குழி எத்தனை அடி, தூணைத் தாங்கும் அடிப்பாதமான ஃபுட்டிங் எவ்வளவு அகலம், அது உட்கார்ந்திருப்பது கெட்டி மண்ணிலா கொட்டின மண்ணிலா, எதையும் கம்பி சொல்லாது. உத்தரத்தில் கொக்கி இருக்கிறது என்பதற்காக ஊஞ்சல் மாட்டி நாலு பேர் ஏறி ஆடுவீர்களா? பல மேஸ்திரிகள் யாரும் கேட்காமலே கம்பி விடுவார்கள், கைப்பழக்கம். சரி, அந்தக் கம்பியாவது உருப்படியா? 12 எம்எம் கம்பியோடு புதுக் கம்பியைச் சேர்க்க ஏறக்குறைய 2 அடி நீளம் ஒன்றோடொன்று படிந்திருக்க வேண்டும். ஒரு முழத்தில் எதைப் படிய வைப்பது? அதுவும் பதினைந்து வருட மழையும் மூடுபனியும் குடித்த கம்பி. துணிக்கொடி கட்டி, இடித்துக்கொள்ளாமல் இருக்க வளைத்து, மறுபடி நிமிர்த்தி என்று எல்லாப் பாடும் பட்டிருக்கும். பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டால் துருப்பிடிக்காது என்று நம்புகிறவர்களும் உண்டு. காலையில் அந்தப் பாட்டிலுக்குள் வேர்த்திருப்பதை ஒரு நாளாவது பாருங்கள்.

எடைக் கணக்குக்கு வருவோம். 600 சதுர அடிக்கு 5 அங்குல கான்கிரீட் தளம் மட்டும் 17 டன். 9 அங்குலச் செங்கல் சுவர், 100 அடி நீளம், 10 அடி உயரம் என்றால் 40 டன். தரைப்பூச்சும் டைல்ஸும் 5 டன். ஆள், கட்டில், பீரோவுக்கென்று சதுர மீட்டருக்கு 200 கிலோ வைப்போம், அது 11 டன். கூட்டினால் 70 டன்னுக்கு மேல். முழு லோடு ஏற்றிய ஆறு சக்கர லாரி நாலைத் தலைமேல் நிறுத்தின மாதிரி.

அன்றே முன்பக்கத் தூண் ஓரம் குழி தோண்டச் சொன்னேன். இரண்டரை அடியிலேயே ஃபுட்டிங் முடிந்துவிட்டது. அடியில் உடைந்த ஓடு, செங்கல் துண்டு, பொலபொலவென்று மண். பின்பக்கம் மேட்டை வெட்டி முன்பக்கம் கொட்டிச் சமன்படுத்திய இடம். பின்பாதி அசையாது, முன்பாதி அமுங்கும், நடுவில் சுவர் சாய்வாகக் கிழியும்.

லைன் வீட்டில் இன்னொரு சங்கடம், பொதுச் சுவர். உங்கள் தளத்தின் பாரத்தில் ஒரு பங்கைப் பக்கத்து வீட்டுக்காரரும் சுமக்கிறார், அவரிடம் கேட்காமலே.

செலவு? மேஸ்திரி சொல்லும் சதுர அடி ரேட், மேலே கட்டுவதற்கு மட்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் மலை ஏறி வர வேண்டும். லாரி ரோட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து அறுபது படி தலைச்சுமை. தூணைச் சுற்றிக் கம்பி கட்டி கான்கிரீட் போட்டுப் பருமனாக்கும் ஜாக்கெட் வேலை, ஃபுட்டிங்கை அகலப்படுத்துவது, தடுப்புச் சுவர், வேலை முடியும்வரை வெளியே வாடகை, இவையெல்லாம் அந்த ரேட்டில் இல்லை. கீழே பலப்படுத்தும் செலவே மேல்தளச் செலவில் பாதியைத் தொட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

இதற்கெல்லாம் முன்னால் விதி இருக்கிறது. நீலகிரியில் கட்டட உயரத்துக்கு 7 மீட்டர்தான் வரம்பு, சுமார் 23 அடி. ஏற்கெனவே இரண்டு தளம் இருந்தால் பேச்சே இல்லை.

மாடி என்றால் மேலே ஒரு பாத்ரூமும் வரும். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? சரிவிலேயே குழி வெட்டி விட்டால் மண் உள்ளுக்குள் ஊறிக்கொண்டே இருக்கும். 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அதை நேரில் பார்த்தவர்களே இன்றைக்கு செப்டிக் டேங்க் பற்றிக் கேட்டால் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று இரண்டு குழி தோண்டிப் பாருங்கள். தூணையும் தளத்தையும் ஹேமர் டெஸ்ட், அதாவது கான்கிரீட்டின் பலத்தைத் தட்டிப் பார்க்கும் சோதனை, செய்யச் சொல்லுங்கள். தடுப்புச் சுவரில் தண்ணீர் வடிய வைத்த குழாய்களில் செடி முளைத்திருந்தால் முதலில் அதைக் குத்தி எடுங்கள். குன்னூர், கோத்தகிரி பக்கம் ஐப்பசியில் வேலையைத் தொடங்காதீர்கள், தை பிறக்கட்டும். குளிரில் கான்கிரீட் மெதுவாகத்தான் இறுகும், இறுகும்வரை தாங்கி நிற்கும் சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க அவசரப்படாதீர்கள். உங்கள் அவசரம் சிமெண்டுக்குத் தெரியாது. இடம் போதவில்லை என்றால் இரும்புச் சட்டம், சிமெண்ட் போர்டு, மேலே ஷீட் என்று யோசியுங்கள், எடை பல மடங்கு குறையும். அதற்கும் அனுமதியும் குழி சோதனையும் வேண்டும்.

அந்தப் பெரியவர் கையெழுத்து கிடைக்காத வருத்தத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்புறம், "இந்தக் கம்பியை என்னங்க பண்றது?" என்றார். துரு தூணுக்குள் இறங்குவதற்குள் தளத்தோடு வெட்டி, துருவைத் தேய்த்து எடுத்து, ஜிங்க் பிரைமர் அடித்து, கலவை போட்டு மூடிவிடச் சொன்னேன். துணிக்கொடிக்கு வேறு கம்பம் நட்டுக்கொள்ளட்டும்.